வானவில் சின்னமும் கறுப்பு வெள்ளைத் திரையும்

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பழைய தொல்லை நினைவிருக்கும். 1980களிலும் 1990களிலும் கனடாவில் பதிவான திருமண வீடியோ நாடா லண்டனுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்து சேர்ந்தால், அதனை அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. படம் உருண்டோடும், அல்லது நிறமிழந்து தெரியும். நாடாவிலும் பழுதில்லை, தொலைக்காட்சிப் பெட்டியிலும் பழுதில்லை. வட அமெரிக்கா என்.ரி.எஸ்.சி. முறையையும், பிரித்தானியாவும் இலங்கையும் பி.ஏ.எல். முறையையும் கைக்கொண்டிருந்தமையே காரணம். வீட்டுக் கணினிகளின் வரலாற்றிலும் இதே தொல்லை உண்டு. அதன் மிகத் தெளிவான உதாரணம் 1977ஆம் ஆண்டில் வெளிவந்த அப்பிள் 2 கணினியாகும்.

அக்கதையை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் நிறத் தொலைக்காட்சிக்கான முறை 1953 டிசெம்பரில் அங்கீகரிக்கப்பட்டது. அப்போது மக்களின் வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். அவற்றைப் பயனற்றவையாக்க எவரும் விரும்பவில்லை. எனவே பழைய சமிக்ஞையின் உள்ளேயே, 3.579545 மெகாஹேர்ட்ஸ் மீடிறன், அதாவது அதிர்வெண், கொண்ட இன்னோர் அலையைப் புகுத்தி அதன்மீது நிறத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு கிடைவரியின் தொடக்கத்திலும் அந்த அலையின் சிறு துண்டு ஒன்று வரும். பெட்டி அதனை அளவுகோலாகக் கொண்டு, பின்னர் வரும் அலை எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று கணித்து நிறத்தைத் தீர்மானிக்கும்.

ஸ்ரீவ் வொஸ்னியாக் கையாண்ட உபாயம் இங்குதான் தொடங்குகிறது. 1975இல் அட்டாரி நிறுவனத்துக்காக 'பிரேக்அவுட்' விளையாட்டின் சுற்றை வடிவமைத்த அவர், அவ்விளையாட்டைக் கணினியில் மென்பொருளாகவே, அதுவும் நிறத்தில், எழுத விரும்பினார். நிறத்துக்கெனத் தனிச் சுற்றுகளைக் குவித்தால் விலை கட்டுப்படியாகாது. ஆகவே அவர் கணினி முழுவதையும் 14.31818 மெகாஹேர்ட்ஸ் குவாட்ஸ் படிகம் ஒன்றினால் இயக்கினார். இது நிற அலையின் சரியாக நான்கு மடங்கு. திரையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை ஒளிரச் செய்தால், அந்த ஏற்ற இறக்கமே 3.58 மெகாஹேர்ட்ஸ் அலையாகிவிடும். பெட்டி அதனை நிறம் என்று நம்பிவிடும். இரட்டை நிரல்களில் புள்ளி வைத்தால் ஊதா, ஒற்றை நிரல்களில் வைத்தால் பச்சை. பின்வந்த பலகைகளில் அரைப் புள்ளி அளவு தள்ளி வைக்கவும் வழி செய்யப்பட்டதால் நீலமும் செம்மஞ்சளும் கிடைத்தன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு கிடைவரிக்கு செயலியின் 65 சுழற்சிகள். சுழற்சி ஒன்றுக்குப் படிகத்தின் 14 துடிப்புகள். பெருக்கினால் 910. அதனை நான்கால் வகுத்தால் 227.5 நிற அலைகள் வரும். மீதியாகும் அந்த அரை அலையினால், ஒரு வரியில் ஊதாவாக இருந்த புள்ளி அடுத்த வரியில் பச்சையாகிவிடும். வொஸ்னியாக் கடைசிச் சுழற்சியை மாத்திரம் இரண்டு துடிப்புகளால் நீட்டி 912 ஆக்கினார். வரிக்குச் சரியாக 228 அலைகள். நிறம் நேராக நின்றது. 1977 ஏப்ரலில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1979 ஜனவரியில் வழங்கப்பட்டது.

1977ஆம் ஆண்டிலேயே சந்தைக்கு வந்த கொமடோர் பெட், ரிஆர்எஸ்-80 ஆகிய இரண்டும் ஒற்றை நிறத் திரையையே கொண்டிருந்தன. 1,298 டொலருக்கு விற்கப்பட்ட அப்பிள் 2 நிறம் காட்டியது. ரொப் ஜனோஃப் வரைந்த ஆறு வண்ண அப்பிள் சின்னம் இந்தப் பெருமையைத்தான் பறைசாற்றியது.

ஆனால் உபாயத்துக்கு ஒரு விலையும் இருந்தது. முதல் பலகைகளில் எழுத்துகளின் ஓரங்களிலும் ஊதாவும் பச்சையும் படர்ந்தன. எழுத்து மாத்திரம் தோன்றும்போது அளவுகோல் அலையை நிறுத்திவிடும் சுற்று அடுத்த பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பெரிய சிக்கல் அத்திலாந்திக்கைக் கடந்தபோது எழுந்தது. மேற்கு ஜேர்மனியும் பிரித்தானியாவும் 1967இல் நிற ஒளிபரப்பை ஆரம்பித்தது பி.ஏ.எல். முறையில். அதன் நிற அலை ஏறத்தாழ 4.43 மெகாஹேர்ட்ஸ்; அத்துடன் அது வரிக்கு வரி திசை மாறுவது. வொஸ்னியாக்கின் புள்ளிகள் அங்கே வெறும் புள்ளிகளாகவே தெரிந்தன. ஐரோப்பாவுக்கென வந்த 'யூரோபிளஸ்' கணினி, ஏழாம் செருகிடத்தில் தனியான நிற அட்டை பொருத்தப்படாவிட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தையே தந்தது. வானவில் சின்னம் பெட்டியின் மேல் இருந்தது. திரையில் வானவில் இல்லை.

இன்று இக்கணினிகளைப் பேணுவோர் நிறம் வராதபோது சோதிக்கும் ஒழுங்கும் இந்த வரலாற்றைப் பின்பற்றியே அமைகிறது. முதலில், திரையில் இருப்பது எழுத்து மாத்திரமா என்று பார்க்க வேண்டும். அப்படியாயின் நிறமின்மை பழுதன்று. வரைபட நிலைக்கு மாற்றி, நிறக் கட்டங்களை வரைந்து பார்க்க வேண்டும். இரண்டாவதாக, தொலைக்காட்சி எந்த முறையைச் சேர்ந்தது என்பதையும், யூரோபிளஸ் என்றால் ஏழாம் செருகிடத்தில் அட்டை உண்டா என்பதையும் அறிய வேண்டும். நிறம் வந்தும் பிழையான நிறமாக இருந்தால், பலகையிலுள்ள சிறிய மாறும் கொள்ளளவியை உலோகமல்லாத திருப்புளியால் மிக மெதுவாகத் திருப்பலாம். உலோகம் அருகே வந்தாலே அதன் அளவு மாறிவிடும். இவையெல்லாம் முடிந்த பின்னரே படிகத்தையும் ஏனைய உறுப்புகளையும் சந்தேகிப்பது முறை.

புதிய தட்டைத் திரைகளால் இன்னொரு சங்கடம் ஏற்பட்டுள்ளது. அவற்றுள் சில 227.5 அலைகளையே எதிர்பார்க்கின்றன. 228 அலைகள் வந்தால் நிறத்தைக் கைவிடுகின்றன, அல்லது குழப்புகின்றன. ஒளிபரப்பின் ஒழுங்கை இயந்திரம் சற்றே மீறியதைப் பழைய பெட்டிகள் பொறுத்துக்கொண்டன, புதியவை பொறுப்பதில்லை.

பழைய இயந்திரங்களில் பற்றுள்ள சிலரின் கவலை மாத்திரமன்று இது. அப்பிள் 2இன் வட்டுகளில் நிறம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அங்கே உள்ளவை பூச்சியமும் ஒன்றுமே. ஊதாவும் பச்சையும் பிறந்தது ஒரு நாட்டின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள், அந்தப் பெட்டி ஏமாந்த கணத்தில். அந்நாளைய விளையாட்டுகளையும் கல்வி மென்பொருள்களையும் ஆவணமாகப் பாதுகாக்க விரும்புவோர் வட்டைப் பிரதி செய்தால் மட்டும் போதாது. 1953இல் வகுக்கப்பட்ட ஒளிபரப்பு முறையையும், அது எவ்வாறு ஏமாந்தது என்பதையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். இப்போதைய கணினிகளில் பழையதைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்கள் அந்த ஏமாற்றத்தைக் கணக்கிட்டு மீண்டும் உண்டாக்குகின்றன. ஆவணம் என்பது எழுதப்பட்டது மாத்திரமன்று; அதனை வாசித்த கண்ணாடியும் ஆவணத்தின் பகுதியே.