ஓரத்தில் நின்றவர் எங்கே?

பழைய சினிமாஸ்கோப் படங்களை அந்தக் கால டி.வி-யில் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? ஹீரோ ஆவேசமாகப் பேசிக்கொண்டிருப்பார். எதிரே ஆளையே காணோம்! திரையின் ஓரத்தில் ஒரு மூக்கு நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த எதிராளி எங்கே போனார்? வெட்டுப்பட்டுப் போனார். அந்த வெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு, கேளுங்கள்.

1892. அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் சோதனைச்சாலை. அங்கே வேலை பார்த்த டிக்சன், 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளைகள் என்று கணக்குப் போட்டார். அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு. சினிமாவின் வடிவம் அப்படித்தான் பிறந்தது. பின்னால் வந்த டி.வி-யும் அதே 4-க்கு 3 வடிவத்தையே எடுத்துக்கொண்டது.

வந்தது வினை! வீட்டிலேயே படம் தெரிந்தால் தியேட்டருக்கு யார் போவார்கள்? கல்லா காலியாக, ஹாலிவுட் அலறியது. பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி கிரேத்தியன் 1920-களில் கண்டுபிடித்த லென்ஸை ஃபாக்ஸ் கம்பெனி தூசு தட்டி எடுத்தது. அகலமான காட்சியை அந்த லென்ஸ் ஃபிலிமுக்குள் நெருக்கி அடைக்கும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். 1953-ல் 'த ரோப்' ரிலீஸ். ஜனங்கள் வாய் பிளந்தார்கள்! தமிழில் அந்த அகலம் 1973-ல் 'ராஜராஜ சோழன்' மூலம் வந்தது.

வேடிக்கை இனிமேல்தான். டி.வி-யைத் தோற்கடிக்கச் செய்த ஆயுதம், டி.வி-யிடமே விலைக்குப் போனது! 1961-ல் என்.பி.சி. தொலைக்காட்சி சனிக்கிழமை இரவுகளில் ஹாலிவுட் படங்களைக் காட்ட ஆரம்பித்தது. முதல் படமே மர்லின் மன்றோ நடித்த சினிமாஸ்கோப் படம். அகலப் படத்தைச் சதுரப் பெட்டிக்குள் எப்படி அடைப்பது? மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டால், 'பெட்டி ரிப்பேரா?' என்பார்கள். அதனால் டி.வி-க்காரர்கள் கையில் எடுத்தது, கத்தரி.

காமர்ஸ் படித்த புத்தி... ஒரு ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். 2.35 அகலத்தை 1.33 ஆக்கினால் நூற்றுக்கு 43 பங்கு நஷ்டம். கிட்டத்தட்ட பாதிப் படம் அம்பேல்!

டைரக்டர் சிட்னி போலாக் பொறுக்க முடியாமல் கோர்ட்டுக்கே போனார். தன் படத்தை இப்படி வெட்டி ஒளிபரப்பிய டென்மார்க் அரசுத் தொலைக்காட்சி மீது வழக்கு. 1997-ல் தீர்ப்பு வந்தது. 'வெட்டியது படத்தைச் சிதைத்ததுதான்' என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும், ஒரு சட்ட நுணுக்கத்தில் வழக்கு தோற்றது.

இதற்கிடையில் அந்தக் கத்தரி கைமாறத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் அவெரி லீ எழுதிய விர்ச்சுவல்டப், பிரான்ஸில் ஃபேப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்... இரண்டும் 2000-ம் ஆண்டில் வெளிவந்தன. இரண்டுமே ஓசி! லட்சக்கணக்கில் விலை போன மெஷின்கள் செய்த வேலையை வீட்டு கம்ப்யூட்டரே செய்தது. ஓரத்தை நறுக்குவது 'கிராப்'. முழுப் படத்தையும் சுருக்குவது, பெரிதாக்குவது 'ரீசைஸ்'. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் குண்டு மாமா ஒல்லியாகிவிடுவார்!

இன்று அந்த டி.வி-க்காரர் வேறு யாருமில்லை, நீங்கள்தான். படுக்கை வாட்டில் எடுத்த கல்யாண வீடியோவை செல்போனுக்காக நெட்டுக்குத்தாக வெட்டுகிறீர்களே, கணக்குப் பார்த்தீர்களா? 16-க்கு 9 படத்தை 9-க்கு 16 ஆக்கினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 68 பங்கு குப்பைக்கு! ஹாலிவுட்டை அழவைத்த 43 எங்கே, இது எங்கே?

வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரிஜினலை மட்டும் பத்திரமாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு வெட்டுங்கள். ஒருமுறை நறுக்கி அதன் மேலேயே சேமித்துவிட்டால், எந்த சாஃப்ட்வேராலும் திருப்பித் தர முடியாது. மாப்பிள்ளையும் பெண்ணும் எப்போதும் நடுவில்தான் நிற்பார்கள். கூச்சப்பட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பது பாட்டிதான்.