கடிகையார்

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் காந்தி ரோட்டோடு திரும்பிவிடுகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் வரை போனால், திருச்சுற்று மதிலில் பல்லவர் கதையே சிற்பமாக ஓடுவதைப் பார்க்கலாம். அதில் ஒரு காட்சி: இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்து, ஏறத்தாழ கி.பி. 730இல் அரியணை காலி. அரசன் வேண்டி, பல்லவக் கிளைவழியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறது ஒரு கூட்டம். அவன் மகன்களில் மூவர் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் மட்டும் சம்மதிக்கிறான். கேட்டுப் போனவர்களில் 'கடிகையாரும்' இருந்ததாகச் சிற்பத்தை அடுத்துள்ள எழுத்து சொல்கிறது. படிப்பு சொல்லும் இடத்தாருக்கு அரசனைத் தேடும் இடத்தில் என்ன வேலை?

கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விச் சாலை. அதன் வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை; வேதம் ஓதும் அந்தணருக்கான இடம் அது. தறிக்காரர் பிள்ளைக்கு அங்கே இலை போட்டிருக்க மாட்டார்கள்.

நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குரு வீரசர்மனோடு இங்கே படிக்க வந்தான். பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. இந்தக் காலமென்றால் டி.சி.யோடு முடிந்திருக்கும். மயூரனோ தர்ப்பை பிடித்த கையில் வாள் எடுத்தான். ஸ்ரீபர்வதக் காட்டில் படை திரட்டி, பாண அரசர்களிடம் திறை வாங்கினான். கடைசியில் பல்லவர்களே அவனை அரசனாக ஒப்புக்கொண்டார்கள். பனவாசியில் கதம்பர் ஆட்சி பிறந்தது இப்படித்தான். கர்நாடகத்துத் தாளகுந்தா தூண் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

இப்படிப்பட்ட கல்விச்சாலையின் உள்கணக்குக்கு நல்ல சாட்சி, பிற்காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் எழுந்த கல்வெட்டு. விழுப்புரம் பக்கம், முதலாம் இராசேந்திரன் காலம். மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். எந்த வேதத்துக்கு எத்தனை பேர், இலக்கணத்துக்கு எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நெல் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. பெரிய வகுப்புக்குப் போனால் படியும் கூடும்!

இனி காஞ்சிக்கே திரும்பிக் கயிலாசநாதர் கோயில். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் ஊரைக் கொளுத்தவில்லை. கோயில் பொருளைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து, அங்குள்ள தூணில் கன்னடத்தில் எழுதிவைத்தான். இந்த எழுத்தை அழிப்பவனுக்குச் சாபமும் உண்டு: கடிகைப் பெருமக்களைக் கொன்றவன் எந்த உலகத்துக்குப் போவானோ, அங்கே போவான்.