விருந்து மேசையும் நேயர் உரிமையும்: அமெரிக்கப் பொது ஒலிபரப்பில் நன்கொடையாளர் நிகழ்வுகள்

அமெரிக்கப் பொது வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ தருவோருக்கெனத் தனி வட்டம் ஒன்று இருக்கிறது. பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் அந்த வட்டத்துக்குத் தன் நிறுவனர் ரால்ப் லோவெலின் பெயரைச் சூட்டியுள்ளது. இவ்வட்டத்தாருக்குக் கிடைக்கும் சலுகைகளில் முதன்மையானது நிகழ்ச்சி நடத்துநர்களோடு கழிக்கும் ஒரு மாலைப்பொழுது. விருந்தும் கலந்துரையாடலும் நடக்கும். செய்தி உருவாகும் விதம் பற்றிக் கேள்வி கேட்கலாம். மாதம் ஐந்து டாலர் தரும் நேயருக்கு அங்கே இடமில்லை. இவ்வழக்கம் செய்தியை விலைக்கு விற்கிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அதற்குத் தக்க சான்று காட்டப்படவில்லை. என் வாதம் வேறு. நேயர் அனைவருக்கும் பொதுவான ஓர் உறவை இவ்வழக்கம் பணத்தின் அளவால் பங்கிடுகிறது. அந்தப் பங்கீட்டைச் சட்டமும் நிலையங்களின் நெறிமுறைகளும் கவனிக்காமலே விட்டுவிட்டன.

நேயர் பணத்தில் நடக்கும் வானொலி என்ற எண்ணத்துக்கு அமெரிக்காவில் உருக்கொடுத்தவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்த அவர் 1946இல் பசிபிக்கா அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் முதல் நிலையமான கே.பி.எஃப்.ஏ. 1949 ஏப்ரலில் பெர்க்லியில் ஒலிக்கத் தொடங்கியது. பணமில்லாமல் 1950 ஆகஸ்டில் நின்றுபோய், மறு ஆண்டு மே மாதம் மீண்டும் எழுந்தது. நிலையத்தைக் கேட்க வாய்ப்புள்ளவர்களில் நூற்றுக்கு இருவர் சந்தா கட்டினால் போதும் என்பது ஹில்லின் கணக்கு. இக்கணக்கின் அறம் அதன் எண்ணைவிட முக்கியமானது. சந்தா கட்டியவர் கேட்பதும் கட்டாதவர் கேட்பதும் ஒரே ஒலிதான். விளம்பரதாரரின் பிடியிலிருந்து அறிவிப்பாளரை விடுவிக்கவே அவர் பணம் தருகிறார். தமக்கென்று தனியாக ஒன்றும் பெறுவதில்லை. கொடுப்பவருக்கும் கொடாதவருக்கும் இடையே வேறுபாடு காணாத இந்தத் தன்மையே பொது ஒலிபரப்பைப் பொதுவானதாக்கியது என்பது என் கருத்து.

அரசு அந்த அடிப்படைக்கு உறுதியான நிதி தந்திருக்கலாம். 1967இல் கார்னகி ஆணையம் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது ஒரு வரி விதித்து, அதைத் தனி அறக்கட்டளையில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. பிரிட்டனின் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்துக்கு ஓரளவு நெருங்கிய யோசனை அது. அதே ஆண்டு அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட பொது ஒலிபரப்புச் சட்டம் பொது ஒலிபரப்புக் கழகத்தை (சி.பி.பி.) உருவாக்கியது, வரியை மட்டும் விட்டுவிட்டது. பணத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒதுக்கீட்டை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை அன்றே தொடங்கியது. 1983இல் தேசியப் பொது வானொலி (என்.பி.ஆர்.) திவாலின் விளிம்புக்குப் போய், சி.பி.பி. தந்த கடனால் பிழைத்தது. அந்தப் பத்தாண்டில் வாழ்வதற்கு வேறு வழி தேடிய நிலையங்கள் பெருநன்கொடையாளர் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

சட்டம் எதைக் காவல் காத்தது என்று பார்ப்போம். வானலையில் ஆதரவாளரின் பெயரைச் சொல்லலாம். அவர் பொருளைப் புகழவோ வாங்கச் சொல்லவோ கூடாது. 1999இல் டபிள்யூ.ஜி.பி.எச். உள்ளிட்ட சில நிலையங்கள் நன்கொடையாளர் பட்டியலை அரசியல் கட்சி அமைப்புகளோடு பகிர்ந்தது வெளிவந்தபோது, அதற்கும் தடை வந்தது. மைக்கும் பட்டியலும் இவ்வாறு காவலுக்குள் வந்தன. விருந்துக்கூடம் வெளியே நின்றது.

வருமான வரி விதிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 75 டாலருக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக ஏதேனும் தரும் அறநிறுவனம், தந்ததன் சந்தை மதிப்பை நன்கொடையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் விருந்துக்கு வரும் புகழ்பெற்றவர், தாம் எதனால் புகழ்பெற்றாரோ அந்தத் திறனை அங்கே காட்டாமல் வெறுமனே உடனிருந்தால், அவர் வருகைக்குத் தனி மதிப்புப் போடத் தேவையில்லை. சோற்றுக்கும் மதுவுக்கும் கணக்கு உண்டு; எந்தக் குரலுக்காக அத்தனை பேர் வந்தார்களோ அந்தக் குரலுக்குரியவரின் அருகிருப்புக்கு மதிப்பு இல்லை. நன்கொடையாளர் விலை கொடுத்தது அதற்குத்தான் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்த அனைவரும் அறிவர்.

2009 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், அதன் வெளியீட்டாளர் வீட்டில் இரவு விருந்துகள் நடத்தத் திட்டமிட்டது. அதிகாரிகளோடும் இதழின் ஆசிரியர் குழுவினரோடும் உரையாட ஒரு மாலைக்கு 25,000 டாலர் என்று துண்டறிக்கை சொன்னது. செய்தி கசிந்த அன்றே திட்டம் கைவிடப்பட்டது. வானொலி நிலைய விருந்தை இதனோடு ஒன்றாக வைப்பது நியாயமாகாது. அங்கே பணம் கட்ட அழைக்கப்பட்டோர் செல்வாக்குத் தேடுவோர். இங்கே வருவோரில் பலர் பல்லாண்டு கேட்டுப் பழகிய குரலைக் காண வரும் நேயர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இரண்டிலும் விலைபோவது ஒன்றே: செய்தியாளரின் நேரமும் காதும். ஒரு நிகழ்ச்சி நடத்துநர் முகமறிந்து பேசும் நேயர்களில் பெரும்பகுதி ஆயிரம் டாலர் தரக்கூடியவர்களாக இருந்தால், 'என் நேயர்' என்று அவர் மனத்தில் எழும் உருவமும் மெல்ல அவர்களைப் போலவே ஆகிவிடும். அடுத்த நாள் எந்தக் கேள்வி முக்கியம், எந்தத் துயரம் செய்தி என்று முடிவெடுக்கையில் அந்த உருவம்தான் எதிரே நிற்கிறது. யாரும் கட்டளையிடாமலே நடப்பதால், செய்தியறையையும் நிதிப்பிரிவையும் பிரிக்கும் சுவர் இதைத் தடுக்காது.

சாதாரண நேயருக்கும் வாசல் ஒன்று இருந்தது. சி.பி.பி. பணம் பெற்ற நிலையங்கள் நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அரசுக்குச் சொந்தமல்லாத நிலையங்கள் சமூக ஆலோசனைக் குழு ஒன்றும் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நிபந்தனைகள் இவை. அக்குழுவுக்கு அதிகாரம் கிடையாது, பல ஊர்களில் அதன் பெயர்கூட நேயருக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே நுழையப் பணம் தேவையில்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கான சுமார் 110 கோடி டாலர் ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றது; ஆகஸ்டில் சி.பி.பி. தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பணத்தோடு பிணைந்திருந்த நிபந்தனைகளும் பிடி இழந்தன. திறந்த வாசலைக் கட்டாயமாக்கிய பணம் மறையும் அதே வேளையில், பூட்டிய வாசலின் தேவை கூடுகிறது. இவ்வழக்கத்தை இப்போதே ஆராய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

விருந்து இல்லாவிட்டால் நிலையமே இல்லை என்பது எதிர்வாதம். பாஸ்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். அலாஸ்காவின் பெத்தல் ஊரில் யூப்பிக் மொழியிலும் ஒலிபரப்பும் கே.ஒய்.யூ.கே. நிலையத்தின் வருவாயில் பெரும்பகுதி கூட்டரசின் பணமாக இருந்தது. அவ்வூரில் ஆயிரம் டாலர் வட்டம் அமைத்து எத்தனை மேசையை நிரப்ப முடியும்? செல்வம் குவிந்த நகரத்து நிலையத்தை மட்டும் காக்கும் வழியை ஒலிபரப்பு முழுவதையும் காக்கும் வழி என்று சொல்லக் கூடாது.

விருந்துகளை ஒழிக்கச் சொல்லவில்லை. அங்கே நடக்கும் உரையாடலைப் பதிவுசெய்து வானலையில் தரலாம். இருக்கைகளில் பாதியைக் குறைந்த சந்தா கட்டுவோருக்குக் குலுக்கலில் ஒதுக்கலாம். நிகழ்வுகளின் பட்டியலையும் கலந்துகொண்ட நடத்துநர்களின் பெயரையும் ஆண்டறிக்கையில் வெளியிடலாம். செய்தி திரட்டும் நிருபர்களுக்கு இதிலிருந்து முழு விலக்கு வேண்டும். அவர்கள் எழுத வேண்டிய மருத்துவமனையின், வங்கியின், பல்கலைக்கழகத்தின் தலைவர்கள் அந்த மேசையில் இருக்கக்கூடும். சட்டம் கேட்காவிட்டாலும் சமூக ஆலோசனைக் குழுவை ஒவ்வொரு நிலையமும் தன் விருப்பத்தால் தொடர வேண்டும். நன்கொடையாளர் நிகழ்வுக்கு எத்தனை மாலை செல்கிறாரோ, அத்தனை மாலை அக்குழுவின் கூட்டத்திலும் நிகழ்ச்சி நடத்துநர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை அவருடைய பணி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.