வாடகை, பழுது, வக்ஃபு: பினாங்குக் கடைவீடுகளின் கதை

பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதும்போது பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் கப்பல் வணிகர்களையும் முதலில் சொல்வது வழக்கம். அது முறையே. ஆனால் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அல்லர். சூலியா தெரு, பிட் தெரு, பக்கிங்ஹாம் தெரு, கேம்பல் தெரு ஆகியவற்றின் கடைவீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே கடை, மேலே உறக்கம், முன்னால் அஞ்சடி. அந்தக் கூரை ஒழுகியபோது அதைச் சரிசெய்யும் பணம் யாரிடமிருந்து வந்தது? இச்சிறு கேள்வியைப் பின்தொடர்ந்தால் நம் சமூகம் ஜார்ஜ் டவுனில் வேரூன்றியதும், பின்னர் அங்கிருந்து சிதறியதும் ஒருங்கே விளங்கும்.

வக்ஃபு நிலமும் வாடகை வருமானமும்

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தோற்றம் 1801-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இங்கே சமூகத் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் மரைக்காயரின் முயற்சியில், கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் வழங்கியது. காலப்போக்கில் அந்நிலத்தில் குடில்களும் கடைகளும் நெருங்கி எழுந்தன. ஏழைகளுக்கு அது நிழல். பள்ளிவாசலுக்கு அது வருமானம்.

வக்ஃபு சொத்தைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் தெளிவாக ஒரு விதியைச் சொல்கின்றன. வரும் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே. அதன் பிறகே பயனாளிகளின் பங்கு. கட்டிடம் விழுந்துவிட்டால் நன்மையும் நின்றுவிடும் என்பதே காரணம். ஆனால் நடைமுறையில் இவ்விதி பல இடங்களில் தளர்ந்தது. கணக்கு வழக்குகள் ஒழுங்கின்றிப் போனதாக எழுந்த முறையீடுகளுக்குப் பின், 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டத்தைக் காலனி அரசு இயற்றியது. அதன்கீழ் அமைந்த வாரியம் பினாங்கில் வக்ஃபு சொத்துகளின் நிர்வாகத்தை ஏற்றது.

வாரியம் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த நெருக்கமான குடியிருப்பை அகற்றியது. அவ்விடத்தில் செங்கற்கட்டிடங்களை எழுப்பி வாடகைக்கு விட்டது. சுகாதாரம், காற்றோட்டம், தீத்தடுப்பு பற்றிய நகராட்சி விதிகள் கடுமையாகி வந்த காலம் அது. வருமானம் பெருகிற்று; பள்ளிவாசலும் விரிவடைந்து இன்று நாம் காணும் எழிலைப் பெற்றது. அதே நேரத்தில் தலைமுறையாக அந்நிலத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல வேறிடம் தேட நேர்ந்தது. கட்டிடம் விதிக்கு உட்பட்டது, குடியிருந்தவர் வெளியேறினார். இந்த நூற்றாண்டிலும் அதே நிகழ்வு வேறு வடிவில் திரும்பி வந்ததைக் கீழே காண்போம்.

முப்பது ஆண்டு அசையாத வாடகை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலாயா நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. வாடகைக் கட்டுப்பாடு அதற்கு மருந்தாக வந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டிடங்களைத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. வாடகையை உரிமையாளர் தம் விருப்பம்போல் உயர்த்த முடியாது. குடியிருப்பவரைக் காரணமின்றி வெளியேற்றவும் முடியாது. பினாங்கில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் இதன்கீழ் இருந்தன. நம் சங்கம் தோன்றி வளர்ந்த முதல் ஆண்டுகள் இச்சட்டத்தின் நிழலில் கழிந்தவை என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள்.

இச்சட்டம் நம்மவர்க்குச் செய்த நன்மை பெரிது. நாசி கண்டார் கடை, நாணய மாற்று, நறுமணப் பொருள் வணிகம், துணிக்கடை, சொங்கோக் தைக்கும் தொழில், புத்தகக் கடை என்று குறைந்த முதலில் நடந்த தொழில்கள் நகரின் நடுவிலேயே நிலைத்ததற்குக் குறைந்த வாடகை ஒரு முக்கியக் காரணம். அந்தக் கடையின் வருமானத்தில் ஊருக்குப் பணம் சென்றது, பிள்ளைகள் படித்தார்கள், சந்தா கட்டிச் சங்கங்களையும் வளர்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. வாடகை நின்ற இடத்தில் நின்றபோது மரம், ஓடு, கூலி ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு கூரையை மாற்றும் செலவு பல ஆண்டு வாடகையை விழுங்கிவிடும். தனி உரிமையாளரும் கைவிட்டார். வாடகையையே நம்பியிருந்த அறக்கட்டளைகளும் திணறின. வாடகைக்கு இருந்தவரும் தம்முடையதல்லாத சுவருக்குப் பணம் போடத் தயங்கினார். உத்தரத்தைக் கறையான் அரித்தது. மழைநீர் சுவரில் இறங்கியது. சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசினார்கள். பழைய செங்கற்சுவர் ஈரத்தை வெளிவிட்டு மூச்சுவிடும் தன்மை உடையது. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்து, செங்கலையே உப்பரிக்கச் செய்தது. சிக்கனத்துக்காகச் செய்த பழுதுபார்ப்பு புதிய பழுதாயிற்று.

1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டிடச் சட்டம், ஆபத்தான நிலையிலுள்ள கட்டிடத்தைச் சரிசெய்யுமாறு உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்குத் தந்தது. ஆனால் உத்தரவுத்தாள் கூரையை வேய்ந்துவிடாது. வாடகைச் சட்டமோ, இடித்துப் புதிதாகக் கட்ட விரும்பும் உரிமையாளருக்கு வாடகைத் தீர்ப்பாயம் வழியாக, குடியிருப்பவருக்கு ஈட்டுத்தொகை கொடுத்து இடத்தைத் திரும்பப் பெற வழி வைத்திருந்தது. இடிக்க வழியிருந்தது, இருப்பதைச் செப்பனிட நினைப்பவருக்குக் கைகொடுக்கும் நிதி இல்லை. குடியிருப்பவரைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் உரிமையாளரின் தோளில் ஏற்றிவிட்டுப் பொதுநிதி ஒதுங்கி நின்றதே அக்காலத்தின் பெருங்குறை.

கட்டுப்பாடு நீங்கிய நாள்

1997-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை நீக்க முடிவு செய்தது. 1999 டிசம்பர் 31 வரை மாற்றக்காலம் அளிக்கப்பட்டது. 2000 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுனின் பழைய வாடகைதாரர்களுக்குப் புத்தாண்டு மகிழ்ச்சியைத் தரவில்லை. வாடகை பன்மடங்கு ஏறியது. பலர் கடையை மூடினர். பலர் நகருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். காலியான கடைவீடுகளில் சில பறவைக்கூடு வளர்க்கும் இருட்டறைகளாயின. சில பூட்டியபடியே சிதைந்தன.

2008 ஜூலை 7-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியைப் பெற்றன. பல மதத்தாரும் இனத்தாரும் அருகருகே வாழ்ந்த வாழ்க்கைமுறையும் அத்தகுதிக்குக் காரணம். அதையடுத்து, பழுதுபார்ப்புக்குப் பொதுநிதியும் வந்தது. மத்திய அரசு 20 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. கஸானா நேஷனலின் துணை நிறுவனமாக 2009-இல் தோன்றிய திங்க் சிட்டி, அதை மானியமாக வழங்கும் பணியை ஏற்றது. பொதுவாக உரிமையாளரும் செலவில் ஒரு பங்கை ஏற்கவேண்டும். சுண்ணாம்பு, மரம், சுட்ட ஓடு என்று பழைய முறைப்படி பணி நடக்கவேண்டும். பணத்தோடு தொழில்நுட்ப அறிவும் சேர்ந்து வந்ததால் பல கட்டிடங்கள் சரியான முறையில் மீண்டன. இது மறுக்கமுடியாத நன்மை.

எனினும் அந்த உதவி, கட்டுப்பாடு நீங்கி ஏறத்தாழ பத்தாண்டு கழித்து வந்தது. அதற்குள் பழைய வாடகைதாரர் பலர் போய்விட்டனர். பாரம்பரியத் தகுதி நிலவிலையை உயர்த்தியது. தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. 2009-இல் பாரம்பரிய வட்டாரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் குடியிருந்தோர் சுமார் 10 ஆயிரம் பேர். 2013-இல் அந்த எண்ணிக்கை இன்னும் குறைந்திருந்தது. சுவர்கள் மீண்டன, அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் எல்லாரும் மீளவில்லை.

நமக்குரிய பாடம்

இந்த வரலாற்றில் உரிமையாளரையோ வாடகைதாரரையோ குற்றவாளியாக்க இடமில்லை. நம் சமூகம் இரு பக்கத்திலும் நின்றது. வக்ஃபு என்ற முறையில் உரிமையாளர். கடைக்காரர் என்ற முறையில் வாடகைதாரர். 1905-க்குப் பின் கட்டிடம் வளர்ந்தது, குடியிருந்தவர் போனார். 1966-க்குப் பின் குடியிருந்தவர் நின்றார், கட்டிடம் தேய்ந்தது. 2009-க்குப் பின் பணம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. பழுதுபார்ப்பு உதவியும் குடியிருப்பவரின் பாதுகாப்பும் ஒரே நேரத்தில், ஒரே ஒப்பந்தத்தில் இணையாதவரை ஒன்றுக்காக மற்றொன்றை இழந்துகொண்டே இருப்போம். பொதுப்பணத்தில் வீட்டைச் செப்பனிடும் உரிமையாளர், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பழைய வாடகைதாரரை நியாய வாடகையில் வைத்துக்கொள்ள எழுத்தில் உறுதி தரவேண்டும். அப்படிக் கேட்பதற்கு நம்மைப் போன்ற சங்கங்களுக்கு முழு உரிமை உண்டு.

குடும்பங்கள் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. பாட்டனார் பெயரிலேயே பத்திரம் இருந்து, வாரிசுகள் மூன்று நாடுகளில் சிதறியிருந்தால், மானியமோ கடனோ கேட்டு யார் கையெழுத்திடுவது? சிறு சொத்துகளை 1955-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ள வழியிருக்கிறது. ஃபராயிளைத் தள்ளிப்போடுவது சொத்தைக் கறையானுக்கு எழுதிவைப்பதற்குச் சமம். பழைய வாடகை ரசீதுகள், பத்திரங்கள், கடைப் புகைப்படங்கள் உங்களிடம் இருந்தால் பாதுகாத்து வையுங்கள். நாம் எங்கே வாழ்ந்தோம் என்பதற்கு அவையே சான்று.

வருமானத்தில் முதல் பங்கு பராமரிப்புக்கு என்று முன்னோர் வகுத்த விதியை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நாம் கைவிடாதிருப்போமாக. அவர்கள் விட்டுச்சென்ற அறங்களையும், அவற்றின் நிழலில் வாழ்வோரையும் ஒருசேரக் காக்கும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.