குதிரை அழுதா யாருக்குத் தெரியும்?

நம்ம சிவகங்கைச் சீமையில புரவியெடுப்பு பத்தி எழுதாத பதிவர் இல்லை. வேளார் செஞ்ச மண்குதிரைக்கு எல்லாம் முடிஞ்சு கண் திறப்பாங்க. அய்யனார் கோயில் வாசல்ல அந்தக் குதிரைங்க கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு நிக்கும். நான் எழுத வந்தது உசிருள்ள குதிரையோட கண்ணைப் பத்தி.

பாண்டிய நாட்டுக்குக் குதிரை வெளியூர்ச் சரக்கு. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன கதைதானே! 13ஆம் நூற்றாண்டு கடைசியில வந்த மார்க்கோ போலோ, இங்க இருந்த அஞ்சு அரசர்கள்ல ஒவ்வொருத்தரும் வருசத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்கினதா எழுதறார். வருசக் கடைசியில நூறுகூட மிஞ்சாதாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வருசத்துக்கு 10,000 குதிரை, ஒண்ணு 220 பொன் தினார்னு கணக்குச் சொல்றார். கணக்கு கொஞ்சம் மிகைன்னே வச்சுக்குவோம். பாதியா இருந்தாலும் எவ்வளவு தங்கம் கடல் தாண்டிப் போயிருக்கும்!

ஏன் செத்துச்சு? நம்மாளுகளுக்குப் பராமரிக்கத் தெரியலை, சோத்தோட கறி சேர்த்துப் போட்டாங்க, குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு வியாபாரிகளே தடுத்தாங்க, இதான் போலோ சொல்ற காரணம். எனக்கு இது பாதிதான் சரின்னு படுது. குதிரை சாஸ்திரம் இந்த நாட்டுல இல்லாமலா இருந்துச்சு? நகுலன் பேர்ல வழங்குற அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் படங்களோட 1952ல அச்சே போட்டிருக்கு.

மீதிப் பாதிக் காரணம் கொசுவா இருக்கலாம்ங்கிறது என் ஊகம். மாட்டோட வயித்துக்குள்ள நூல் மாதிரி ஒரு புழு இருக்கும், செட்டாரியான்னு பேரு. மாட்டுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. மாட்டைக் கடிச்ச கொசு அதோட குஞ்சை உள்ள வளர்த்து, அப்புறம் குதிரையைக் கடிக்கும்போது இறக்கி விட்டுடும். பழகாத உடம்புல அது வழி தெரியாம அலையும். தண்டுவடத்துக்குப் போனா பின்னங்கால் இழுத்துக்கும், இதை வடக்கே கும்ரின்னு சொல்றாங்க. கண்ணுக்கு வந்தா தண்ணி தாரையா ஊத்தும், வெளிச்சம் கூசும், கருவிழி பால் மாதிரி வெளுத்துடும். உத்துப் பார்த்தா வெள்ளையா ஒரு நூல் உள்ள நீந்திக்கிட்டிருக்கும்! கண்மாய் நிறைஞ்ச ஊர்ல, மாட்டுக்கொட்டகை பக்கத்துல அரபுக் குதிரையைக் கட்டினா வேற என்ன ஆகும்?

இதைப் பார்த்து அரண்டவங்க நாம மட்டும் இல்லை. அமெரிக்காவுல பிலடெல்பியா டாக்டர் ஜான் மார்கன், உசிருள்ள குதிரையோட கண்ணுல உசிருள்ள பாம்புன்னு 18ஆம் நூற்றாண்டுலயே கட்டுரை எழுதினார். புழு பாம்பாயிடுச்சு :-) கல்கத்தாவுல வில்லியம் ட்வைனிங் இந்தியக் குதிரைக் கண்புழுவைப் பத்தித் தனியாவே எழுதினார். வைத்தியம் என்னன்னா, கருவிழி ஓரத்துல சின்னதா ஒரு குத்து. உள்ள இருக்கிற தண்ணியோட புழுவும் வெளிய வந்துடும். இன்னிக்கும் அடிப்படை அதேதான், மயக்க மருந்தும் சுத்தமும் சேர்ந்திருக்கு.

வேலு நாச்சியார் ஹைதர் அலி துணையோட 1780ல சிவகங்கையை மீட்ட கதையில, எத்தனை குதிரைப்படை வந்துச்சுன்னு சண்டை போடறோம். அதுல எத்தனை கண் போச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. ஒரு கண் போன குதிரை அந்தப் பக்கம் திடீர்னு சத்தம் கேட்டாலே மிரளலாம். சண்டையில அது மேல இருக்கிறவன் உசிரு என்னத்துக்காகும்?

குதிரை வச்சிருக்கவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு விசயம். ரெண்டு கண்லயும் தெளிவா லேசாத் தண்ணி வந்தா தூசி, ஈ, வைக்கோல் துரும்பா இருக்கலாம். கண்ணுலேர்ந்து மூக்குக்குள்ள இறங்குற கண்ணீர்க் குழாய் அடைச்சிருந்தாலும் கன்னத்துல வழியும், டாக்டர் மூக்கு வழியா உப்புத்தண்ணி விட்டுக் கழுவி விடுவார். ஆனா ஒரு கண்ணை மூடிக்கிட்டே இருந்தாலோ, மஞ்சளாச் சீழ் வந்தாலோ, கருவிழி வெளுத்தாலோ அன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டணும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் ஊத்தாதீங்க. வீட்டுல மிச்சம் இருக்கிற ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதைவிட மோசம். கருவிழியில புண் இருந்தா அதை ஆறவிடாது, சில நாள்லயே கண்ணு ஓட்டை விழுந்துடலாம். புண் இருக்கான்னு பச்சையா ஒளிர்ற ஒரு சாயத்தை விட்டு டாக்டர் நிமிசத்துல பார்த்துடுவார். அப்புறம், கொட்டகையைக் கண்மாய்க்கரையிலேர்ந்தும் மாட்டுத்தொழுவத்துலேர்ந்தும் கொஞ்சம் தள்ளியே போடுங்க.