முதுமையில் மலக்கசிவு

மலத்தையோ வாயுவையோ வேண்டிய நேரம்வரை அடக்கி வைக்க முடியாமல், அறிந்தோ அறியாமலோ வெளியேறிவிடும் நிலையை மலக்கசிவு என்கிறார்கள். உள்ளாடையில் சிறு கறை படிவதில் தொடங்கி, கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் முழுவதும் போய்விடுவதுவரை இதில் பல படிகள் உண்டு. இது தனி நோயன்று, வேறொரு கோளாற்றின் அறிகுறி. ‘வயசானா இப்படித்தான்’ என்று வீட்டாரும், சில வேளை மருத்துவர்களுமே சொல்லிவிடுவதால், எளிதில் தீரக்கூடிய காரணங்கள்கூடத் தேடப்படாமல் போகின்றன.

அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2009-இல் வெளியான கணக்கின்படி, வீடுகளில் வாழும் பெரியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு இத்தொல்லை இருந்தது. இருபதுகளில் இருப்போரிடம் 2.6 விழுக்காடாக இருந்த அளவு, எழுபதைத் தொட்டவர்களிடமும் கடந்தவர்களிடமும் 15.3 விழுக்காடாக உயர்ந்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். பெண்களின் நோய் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஆண்களிடமும் இது ஏறக்குறைய அதே அளவில் காணப்பட்டது.

ஆசனவாயை இரண்டு வளையத் தசைகள் மூடி வைத்திருக்கின்றன. உள்வளையம் நம் எண்ணத்துக்குக் காத்திராமல் இரவும் பகலும் இறுகியே இருக்கும். வெளிவளையம் நாமாக இறுக்குவது. பேருந்தில் அவசரம் வரும்போது நிறுத்தம்வரை தாங்கிப் பிடிப்பது இதுதான். இவற்றுக்கு மேலே இன்னொரு தசை மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்து முன்னோக்கி இழுத்து, பாதையையே மடித்து வைக்கிறது. உள்ளே வந்திருப்பது காற்றா, நீரா, கட்டியா என்று பிரித்தறியும் நுண்ணுணர்வு ஆசனவாயின் மேல்தோலுக்கு உண்டு. வயது ஏற ஏற வளையங்களின் இறுக்கம் தளர்கிறது, உணர்வும் மங்குகிறது. உள்வளையம் தளர்ந்தவருக்குத் தெரியாமலே கசியும். வெளிவளையம் தளர்ந்தவருக்கு அவசரம் தெரியும், ஆனால் ஓடுவதற்குள் போய்விடும். இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்தாலே மருத்துவருக்குப் பாதி வழி புலப்பட்டுவிடும்.

காரணம் பல நேரம் நெடுங்காலத்துக்கு முந்தையது. லண்டன் ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தையை இயல்பான வழியில் பெற்ற பெண்களில் 35 விழுக்காட்டினருக்கு வளையத் தசையில் சிதைவு இருந்தது ஸ்கேனில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது எந்தத் தொல்லையும் இல்லை. இளமையில் மற்றத் தசைகள் ஈடுகட்டிவிடுகின்றன. மாதவிடாய் நின்று தசைகள் மெலியும் காலத்தில் அந்தப் பழைய காயம் வெளிப்படலாம். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், மூலம் அல்லது பவுத்திர அறுவை, புராஸ்டேட் சுரப்பி அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு, பக்கவாதம், பார்கின்சன் நோய், நரம்புகளைத் தாக்கும் நீண்டநாள் சர்க்கரை நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டிய மற்றொன்று மாத்திரை. மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே சிலருக்குத் தொல்லை குறைந்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

முதியவர்களிடம் மிகப் பரவலாக இருந்தும் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் காரணம் மலச்சிக்கல். நாள்கணக்கில் போகாமல் மலக்குடலில் மலம் இறுகித் திரண்டுவிடுகிறது. சாக்கடையில் கல் அடைத்தால் நீர் ஓரமாக வழிவதுபோல, மேலிருந்து வரும் நீர்த்த மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு கசிகிறது. மலக்குடல் நிரம்பி விரிந்தே இருப்பதால் உள்வளையமும் தளர்ந்து வழிவிடுகிறது. வீட்டார் கண்ணுக்குத் தெரிவது நீராகப் போவது மட்டுமே. ‘பாட்டிக்கு வயித்தால போகுது’ என்று வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறார்கள், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கிறார்கள். அடைப்பு இன்னும் இறுகுகிறது. முற்றினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மனக்குழப்பம் வரும், சாப்பாடு செல்லாது.

கையுறை அணிந்த விரலால் ஒரு நிமிடம் பரிசோதித்தால் பெரும்பாலும் இது தெரிந்துவிடும். கட்டி மேலே பெருங்குடலில் இருந்தால் மட்டும் விரலுக்கு எட்டாது, வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கிளிசரின் மருந்தோ எனிமாவோ வைத்து அடைப்பை நீக்கி, பிறகு மலத்தை இளக்கும் மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்தால் ‘வயிற்றுப்போக்கு’ நின்றுவிடுகிறது. இவ்வளவு எளிய பரிசோதனை கூச்சத்தால் தவிர்க்கப்படுவது பெருங்குறை. இரும்புச்சத்து மாத்திரை, டிரமடால் போன்ற வலிமருந்துகள், நாள் முழுதும் படுக்கை, தண்ணீர் குறைவு ஆகியவை அடைப்பு மீண்டும் வர வழிசெய்பவை.

எவ்வகையான மலம் என்பதைச் சொல்ல நோயாளிக்கும் மருத்துவருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனையில் கென் ஹீட்டனும் ஸ்டீபன் லூயிசும் உருவாக்கி 1997-இல் வெளியிட்ட ஏழுவகைப் பட்டியல் அது. தனித்தனிக் கெட்டி உருண்டைகள் முதல் வகை, முழுவதும் நீர் ஏழாம் வகை. மூன்றாம், நான்காம் வகைகளே இலக்கு. உருண்டு திரண்ட மலத்தைத் தளர்ந்த தசையாலும் பிடித்து வைக்க முடியும், நீரைப் பிடிப்பது கடினம். இசப்கோல் உமி நீரை உறிஞ்சி மலத்துக்கு உருக்கொடுப்பதால் மலம் இளகிப் போகிறவர்களுக்கு உதவும், ஆனால் போதிய தண்ணீருடன் குடிக்காவிட்டால் அடைப்புதான் மிஞ்சும். அடைப்பு இல்லை என்று உறுதியான பின், குறைந்த அளவு லோபரமைடை வெளியே கிளம்பும் முன் எடுத்துக்கொள்ளவும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அது குடலின் வேகத்தைக் குறைப்பதோடு உள்வளையத்தையும் சற்று இறுக்குகிறது.

சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசைவது உடலின் இயல்பு, காலை உணவுக்குப் பின் அது வலுவாக இருக்கும். எனவே காபியும் இட்லியும் முடிந்த அரை மணிக்குள், அவசரம் வந்தாலும் வராவிட்டாலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்காரப் பழக்குவது பல வீடுகளில் நல்ல பலன் தருகிறது. எப்படி உட்காருகிறார் என்பதும் முக்கியம். குந்தி உட்காரும்போது மலக்குடலின் மடிப்பு நிமிர்ந்து வழி நேராகும். மூட்டுவலியால் வெஸ்டர்ன் கழிப்பறைக்கு மாறிய குள்ளமான பாட்டிக்குக் கால் தரையைத் தொடாமல் தொங்குகிறது, முக்குவதற்குப் பிடிமானம் இல்லை. காலடியில் ஆடாத மனைப்பலகை ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னே சாய்ந்தால் போதும். சுவரில் கைப்பிடியும் வேண்டும்.

இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல், சிறுநீர்க் கசிவுக்காக, எழுதிப் பரப்பினார். இன்று மலக்கசிவுக்கும் அது கற்பிக்கப்படுகிறது, பலன் தெரிய மாதக்கணக்காகும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கிறிஸ்டின் நார்ட்டன் குழுவினர் 171 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட சோதனை இங்கே நினைக்கத் தக்கது. கருவி வைத்துப் பயிற்சி பெற்றவர்கள், வெறும் பயிற்சி செய்தவர்கள், செவிலியரின் விளக்கமும் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்கள் என எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னேறினார்கள். உட்கார்ந்து கேட்டு, உணவையும் பழக்கத்தையும் திருத்திச் சொல்ல ஒருவர் இருந்ததே அத்தனை பயன் தந்திருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த எந்திரம் தேவையில்லை.

படுக்கையில் இருப்பவர்களுக்கு முதல் ஆபத்து தோலில். மலத்திலுள்ள நொதிகள், சிறுநீருடன் சேரும்போது இன்னும் வேகமாக, தோலை அரிக்கின்றன. டயப்பர் சிறுநீரை உறிஞ்சும், மலத்தை உறிஞ்சாது. நிறையட்டும் என்று காத்திருக்காமல் உடனே மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். நீரில் டெட்டால் ஊற்றுவதும், மடிப்புகளில் பவுடர் கொட்டுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தீங்குகள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரலாம்.

மறதி நோய் கண்டவர்கள் ‘வருது’ என்று சொல்ல மாட்டார்கள். நிலைகொள்ளாமல் நடப்பது, புடவையைப் பிடித்து இழுப்பது, மூலையைத் தேடுவது ஆகியவையே அவர்கள் சொல்லும் விதம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை அழைத்துச் செல்வது, இரவில் கழிப்பறை விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்தே வைப்பது, நாடா முடிச்சுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த உடை ஆகியவை உதவும். கடிந்துகொண்டால் அடுத்த முறை துணியை ஒளித்து வைப்பார்கள்.

தெளிந்த மனத்தோடு இருப்பவர்களுக்குத் துயரம் வேறு விதமானது. கல்யாண வீடு, கோயில், வெளியூர்ப் பயணம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ‘இன்னைக்கு விரதம்’ என்று சொல்லிப் பட்டினி கிடந்தபடி பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு வருபவர்கள் உண்டு. மாற்றுத்துணி, ஈரத்துடைப்பான், மூடக்கூடிய பிளாஸ்டிக் பை, சிறிய தண்ணீர்ப் புட்டி கொண்ட கைப்பை, பேருந்துக்குப் பதில் கழிப்பறை உள்ள ரயில், மண்டபத்தில் ஓரத்து நாற்காலி என்று குடும்பத்தினர் முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் அவர்கள் தயங்காமல் கிளம்புவார்கள்.

இவையெல்லாம் போதாதபோது அடுத்த படிகள் உள்ளன. கிழிந்த தசையைத் தைக்கலாம். கீழ்முதுகின் நரம்பைச் சிறு மின்கருவியால் தூண்டும் முறையை ஜெர்மனியின் கிளாஸ் மாட்சல் குழுவினர் 1995-இல் மலக்கசிவுக்குப் பயன்படுத்தினார்கள், இன்று பல நாடுகளில் அது வழக்கில் இருக்கிறது. எதுவும் பலிக்காதவர்களுக்கு வயிற்றில் வழியமைத்துப் பை பொருத்தும் அறுவை கடைசி வழி. கேட்கவே பலர் அஞ்சினாலும், வீட்டை விட்டு வெளியே வரும் துணிவை அது திருப்பித் தந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பராமரிப்பும் உண்டு. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம். மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பைக் கொண்டுசெல்வது நல்லது: எப்போது போயிற்று, எவ்வகை, முன்பே தெரிந்ததா, என்ன சாப்பிட்டார், என்னென்ன மாத்திரைகள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, அண்மையில் மாறிய மலப்பழக்கம் இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படலாம். திடீரென்று கால்கள் வலுவிழந்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீரும் போகாமல் மலம் கசிந்தால் அது தண்டுவட நரம்புகள் நசுங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். காலைவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.