கையா, ஜிக்கா: மழுங்கிய பிட்டுக்குச் சாணை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் இரும்புச் சாமான் எதுவும் காய்ந்து கிடக்காது. ட்ரில் பிட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தகர டப்பாவில் போட்டு வைப்பேன். துருவுக்கு அது போதும். மழுங்கலுக்குச் சாணைதான் மருந்து.

மழுங்கிய பிட் கீச்சென்று கத்தும். சுருளுக்குப் பதில் தூள் உதிரும். அழுத்தினால் சுடுமே ஒழிய இறங்காது. பலர் அதை வீசிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். நல்ல எஃகை அப்படி எறிவதில் எனக்குச் சம்மதமில்லை.

நம் தச்சர்களின் துரப்பணத்துக்குத் தட்டை முனை. அரத்தால் தேய்த்தாலே கூர் வந்துவிடும். 1863-இல் அமெரிக்காவில் மோர்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறுக்குப் பிட் அப்படியல்ல. அரிவாளுக்கு ஒரு விளிம்பு, இதற்கு இரண்டு. இரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு. நுனிக் கோணம் 118 டிகிரி, அதாவது பக்கத்துக்கு 59. விளிம்புக்குப் பின்னால் 8 முதல் 12 டிகிரி வரை சரிவும் வேண்டும். சரிவு இல்லாத பிட் உரசும், வெட்டாது.

கையால் பிடிக்கும்போது இடக்கை விரல்கள் கிரைண்டர் தாங்கியில் ஊன்றியிருக்கும். விளிம்பு கல்லைத் தொட்டதும் வலக்கையில் உள்ள பிட்டின் வாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் சரிவு பிறக்கிறது. பிறகு அரைச் சுற்றுத் திருப்பி மறுபக்கம். கோணம் பார்க்கப் பட்டறைகளில் ஒரு வழி உண்டு: இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்தால் நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி. பிட்டின் நுனி அதில் பொருந்தி உட்கார்ந்தால் போதும். முதல் மாதம் என் பிட்டுகளில் ஒரு விளிம்பு நீண்டே இருந்தது. 10 மில்லி பிட் போட்ட துளையில் 10 மில்லி போல்ட் ஆடியது.

பிட்டைச் சரியான கோணத்தில் பிடித்துக் கொடுக்கும் தாங்கியான ஜிக் அந்தக் குறையைத் தீர்க்கிறது. கிரைண்டர் முன்னால் முடுக்கி, 59-இல் நிறுத்தி, பள்ளத்தில் பிட்டைக் கிடத்தி ஆட்டினால் இரு விளிம்பும் அச்சில் வார்த்தது போல வரும். ஆனால் கிடத்தும்போது பிட் சற்றே உருண்டிருந்தால் சரிவு கெடும். அந்தத் தப்பையும் ஜிக் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் செய்து கொடுத்துவிடும். சரிவு எப்படி இருக்க வேண்டும் என்று கை அறியாதவருக்கு அது கண்ணில் படாது.

சூட்டைப் பொறுத்தவரை கையும் ஜிக்கும் ஒன்றே. ஹைஸ்பீடு எஃகு சுமார் 600 டிகிரி வரை தாங்கும். நீலம் பாய்ந்தாலும் பயமில்லை. சிவக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் முக்கினால்தான் நுண்விரிசல் விழும். பழைய கார்பன் எஃகுப் பிட் நீலமானால் அந்த முனை போனதுதான். அதை அடிக்கடி நனைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். சுவர் துளைக்கும் கார்பைடு முனைக்குச் சாம்பல் கல் ஆகாது, பச்சைக் கல் வேண்டும்.

என் தீர்ப்பு: 6 மில்லிக்கு மேல் கைதான். 3 முதல் 6 வரை ஜிக். அதற்கும் கீழே புதிது வாங்குவதே லாபம். தீட்டியது சரியா என்பதை இரும்புத் தகடு சொல்லும்: இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே தடிமனில் சுருள் ஏறி வர வேண்டும்.

ஆறு அங்குலக் கல் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகிறது. அதனால் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீசவிருந்த பழைய 10 மில்லி பிட்டில் தொடங்குங்கள்.